ராமேஸ்வரம் லாட்ஜில் டக்டபுள் ஏசி மதியம் மட்டும் ஹை பிரஷரில் டிரிப் ஆகிறது. கேஸைக் குறைத்தால் சரியாகுமா?

ஆகாது. தயவுசெய்து இன்னொரு தடவை கேஸில் கை வைக்க விடாதீர்கள்.

நீங்கள் சொன்னது: 8.5 டன் டக்டபுள் மெஷின் (டக்ட் வழியே குளிர்காற்றை அனுப்பும் ஏசி), ஆர்-410ஏ கேஸ், காலையில் நன்றாக ஓடுகிறது, 12 மணிக்கு மேல் கேஸின் பிரஷர் ஏறித் தானாக நிற்கிறது, மெக்கானிக் ஒரு கிலோ கேஸை வெளியே விட்டும் மறுநாள் அதே நிலை. கடற்கரை பக்கத்து லாட்ஜ், அவுட்டோர் யூனிட் மாடியிலோ சந்திலோ வரிசையாக நிற்கும் என்று வைத்துக்கொண்டு பதில் எழுதுகிறேன்.

கேஸ் அதிகமாக இருந்தாலும் பிரஷர் ஏறும், உண்மைதான். ஆனால் நேற்று வரை ஒழுங்காக ஓடிய மெஷினுக்குள் கேஸ் தானாகக் கூடாது. போன வாரம் யாரும் கேஸ் ஏற்றவில்லை என்றால், கண்டன்சரிலிருந்து, அதாவது அவுட்டோர் யூனிட்டில் கேஸைக் குளிரவைக்கும் காயிலிலிருந்து, சூடு வெளியேறவில்லை என்றுதான் முதலில் பார்க்க வேண்டும்.

டிரிப் ஆகும் நேரத்திலேயே அளவெடுக்கச் சொல்லுங்கள். காலை 9 மணிக்கு வந்து பிரஷர் கேஜ் மாட்டிப் பயனில்லை. காயிலுக்குள் நுழையும் காற்றின் சூட்டோடு 12 முதல் 15 டிகிரி கூட்டினால், கேஸ் திரவமாகும் வெப்பநிலை வரும். நுழையும் காற்று 35 என்றால் சுமார் 50 டிகிரி. அதற்கு ஆர்-410ஏ-யில் பிரஷர் ஏறத்தாழ 430 பிஎஸ்ஐ (கேஜ் காட்டும் அளவு). பழைய ஆர்-22 மெஷினில் 267. வெயிலில் இவ்வளவு காட்டுவது இயல்பு, அதைப் பார்த்துப் பயந்து கேஸைத் திறந்துவிடக் கூடாது.

காற்றின் சூட்டை மொட்டைமாடி நிழலில் அளக்காதீர்கள், காயிலின் பின்பக்கம் இரண்டு அங்குலத்தில் தெர்மாமீட்டரைப் பிடியுங்கள். லாட்ஜ்களில் ஒரு யூனிட் துப்பும் சூட்டை அடுத்த யூனிட் இழுக்கிறது. வெளியே 35 இருக்க, சந்துக்குள் 45 இருக்கும். 45-ஐ இழுக்கும் காயில் 60 டிகிரிக்குப் போகும். அது 540 பிஎஸ்ஐ. பிரஷர் கூடினால் மெஷினை நிறுத்தும் ஹை பிரஷர் ஸ்விட்ச் பொதுவாக 600-க்கு மேல் வெட்டும். இந்த நிலையில் காயிலில் கொஞ்சம் அழுக்கு இருந்தாலே போதும். காலையில் ஓடி மதியம் நிற்கும் மெஷினில் எனக்கு முதல் சந்தேகம் இதன்மேல்தான். காற்றுப் பக்கமும் பாருங்கள்: கச்சான் (தென்மேற்குக் காற்று) வீசும் மாதங்களில் தென்மேற்கு நோக்கி ஃபேன் வாய் இருந்தால், தள்ளும் காற்றைக் கடல்காற்று திருப்பி அடிக்கும்.

அடுத்து காயில். நம் கரையில் இதுதான் பெரிய தலைவலி. செம்புக் குழாய், அதன்மேல் அலுமினிய ஃபின் (மெல்லிய தகடுகள்), நடுவில் உப்பு ஈரம். அலுமினியம் அரித்து வெள்ளை மாவாகக் கொட்டும். விரலால் தேய்த்தால் ஃபின் உதிர்கிறதா பாருங்கள். ஃபின் குழாயைவிட்டு விலகிவிட்டால், காற்று தாராளமாகப் போகும், ஆனால் சூடாகாமல் வரும். பிரஷர் அதிகம், வெளிவரும் காற்றோ நுழைந்ததைவிட நாலைந்து டிகிரிதான் கூடுதல் என்றால் காயிலின் ஆயுள் முடிந்தது, கழுவிப் பயனில்லை. மாறாக 15 டிகிரிக்கு மேல் சூடாக வந்தால் காற்றோட்டம் குறைவு: அடைப்பு, அல்லது ஃபேன்.

ஃபேன் சுற்றுகிறது என்று விட்டுவிடக் கூடாது. சிங்கிள் ஃபேஸ் மோட்டார் என்றால் கெபாசிட்டரைக் கழற்றி மீட்டரில் பாருங்கள். எழுதியிருக்கும் மைக்ரோஃபாரடில் 10 சதவீதம் குறைந்தாலும் மாற்றுங்கள். மூன்று ஃபேஸ் மோட்டாரை ரீவைண்டிங் செய்து மாட்டியிருந்தால் சுற்றும் திசையைப் பாருங்கள். எதிர்த்திசையில் சுற்றினால் சத்தம் வரும், காற்று சரியாக வராது.

இவை எல்லாம் சரியான பிறகுதான் கேஸ் பக்கம். கண்டன்சரிலிருந்து திரவம் வெளிவரும் லிக்விட் பைப்பில் கிளாம்ப் தெர்மாமீட்டர் மாட்டுங்கள். பிரஷருக்குரிய வெப்பநிலை 50, பைப் 44 என்றால், இரண்டுக்கும் உள்ள வித்தியாசமான சப்கூலிங் 6. பொதுவாக 5 முதல் 8 வரை சரி, கம்பெனி வேறு எண் தந்திருந்தால் அதுவே கணக்கு. 12-க்கு மேல் போனால் கேஸ் அதிகம், இல்லையேல் உள்ளே காற்று புகுந்திருக்கிறது. இரண்டையும் பிரிக்க, கம்ப்ரஸரை நிறுத்தி, அவுட்டோர் ஃபேனை மட்டும் 20 நிமிடம் ஓடவிடுங்கள். காயில் வெளிக்காற்றின் சூட்டுக்கு வந்ததும் பிரஷரைப் பாருங்கள். 32 டிகிரிக்கு ஆர்-410ஏ சுமார் 274 பிஎஸ்ஐ-யில் நிற்க வேண்டும். 300-ஐத் தாண்டினால் காற்று. காயிலில் வெயில் அடிக்கும்போது இந்தச் சோதனை பொய் சொல்லும். காற்றுதான் என்று தெரிந்தால் கேஸ் முழுவதையும் சிலிண்டரில் பிடித்து (ரெக்கவரி), பம்ப் வைத்து உள்ளிருக்கும் காற்றை 500 மைக்ரானுக்கு உறிஞ்சி (வேக்யூம்), நேம்பிளேட்டில் உள்ள எடையைத் தராசில் வைத்து, திரவமாக ஏற்ற வேண்டும். உங்கள் மெஷினில் ஒரு கிலோ போய்விட்டதால் எப்படியும் இந்த வேலை உண்டு.

கேஜில் 400-தான் காட்டுகிறது, ஆனாலும் டிரிப் என்றால் ஸ்விட்சின் முனைகளைப் பாருங்கள். உப்புக்காற்றில் பச்சை பூத்திருக்கும். ஸ்விட்சை ஷார்ட் செய்து ஓட்டச் சொன்னால் சம்மதிக்காதீர்கள்.

கழுவும்போது காற்று போகும் திசைக்கு எதிராக, உள்ளிருந்து வெளியே. இரண்டடுக்குக் காயில் என்றால் நடுவில்தான் அழுக்கு தங்கும், பிரித்துக் கழுவ வேண்டும். ஆசிட் கூடவே கூடாது. "உவர்தண்ணியில்தான் கழுவுறோம், ஒண்ணும் ஆகல" என்பவர்களுக்கு: தண்ணீர் காயும், உப்பு ஃபின்னில் நிற்கும். போர் தண்ணீரில் கழுவினாலும் கடைசி அலசல் குடிநீரில் இருக்கட்டும், மாதம் ஒரு முறை.

கேட்காத ஒன்றும் சொல்லியாக வேண்டும். மூன்றாவது மாடிச் சுவரில் துருப்பிடித்த இரும்பு ஸ்டாண்டில் யூனிட்டைத் தொங்கவிட்டு, கால் வைக்க இடமில்லாமல், "ஏறிப் பாருப்பா" என்கிறார்கள். வேக்யூம் பம்ப் ஒரு மணி நேரம் ஓடினால் "சும்மா உட்கார்ந்திருக்கியே" என்று கூலியைக் குறைக்கிறார்கள். அவசரப்பட்டு வேக்யூம் போடாமல் விடுவதும், பிறகு பிரஷர் ஏறுவதும் இதனால்தான். உங்கள் யூனிட் சுவரில் இருந்தால், ஆளை வரச்சொல்லும் முன் ஸ்டாண்டின் போல்ட்டுகளைச் சுத்தியலால் தட்டிப் பாருங்கள். துரு செதில் செதிலாக உதிர்ந்தால் முதலில் அதை மாற்றுங்கள்.