பட்டறைப் பதில்கள்: மிஷினுக்கு முன் பிடிமானம்

(கோவையில் ஒரு பவுண்டரியின் பேட்டர்ன் பிரிவில், அதாவது உலோக வார்ப்புக்கு அச்சு எடுக்கும் மர மாதிரி செய்கிற இடத்தில், 34 ஆண்டுகள் மரவேலை செய்து ஓய்வு பெற்றவர், வாசகர்களின் கேள்விகளுக்குப் பதில் சொல்கிறார்.)

வங்கிப் பணியிலிருந்து ஓய்வு பெற்றுவிட்டேன். கார் ஷெட் காலியாக இருக்கிறது. மரவேலை பழக ஆசை. டேபிள் ரம்பம், ரௌட்டர், டிரில், சாண்டர் என்று பட்டியல் போட்டு வைத்திருக்கிறேன். எதை முதலில் வாங்கலாம்?
*ஸ்ரீரங்கத்திலிருந்து ஒரு வாசகர்*

ஐயா, பட்டியலில் நான்கு மிஷின்கள் இருக்கின்றன. நான்கும் மரத்தைத் தின்கிறவை. மரத்தைப் பிடித்துக்கொள்கிற சாமான் ஒன்றுகூட இல்லை. இடது கையால் பிடித்துக்கொள்ளலாம் என்று நினைத்திருப்பீர்கள். நானும் ஒரு காலத்தில் அப்படித்தான் நினைத்தேன். அந்தக் கதை கீழே வருகிறது.

பேட்டர்ன் பிரிவில் நான் சேர்ந்தபோது மேஸ்திரி ஆறு மாதம் உளியைக் கையில் தரவில்லை. பம்புக் கூட்டுக்கான பேட்டர்னை ஒரே கட்டையில் குடைய மாட்டோம். வளைவான துண்டுகளை வட்டமாக அடுக்கி, அடுக்குக்கு அடுக்கு பசை போட்டு ஏற்றுவோம். அந்த ஆறு மாதமும் துண்டுகளை இறுக்கிப் பிடிக்கிற கிளாம்பை முடுக்கினேன், கழற்றினேன், வழிந்த பசையைத் துடைத்தேன். எரிச்சலாக இருந்தது. ஆனால் எந்தத் துண்டு எந்தப் பக்கம் நழுவும் என்பது கைக்குத் தெரிந்துவிட்டது.

ஆகவே முதலில் ஒரு மேசை. அழகு வேண்டாம், கனம் வேண்டும். பழைய மரக்கடையில் வீடு இடித்த சட்டங்கள் கிடைக்கும். நன்றாகக் காய்ந்தவை, கால்களுக்கு அவையே போதும். ஆணி இருக்கிறதா என்று ஒரு காந்தத்தை ஓட்டிப் பார்த்து வாங்குங்கள். நிமிர்ந்து நின்று கையைத் தொங்கவிட்டால் மணிக்கட்டு வருகிற உயரம் மேசைக்குச் சரி. எனக்கு 33 அங்குலம். மேசையைச் சுவரோடு முடுக்கிவிட்டால் இழைக்கும்போது ஊர்வலம் போகாது.

அடுத்து வைஸ், மேசையில் பொருத்தி மரத்தை இரண்டு தாடைக்கு நடுவில் இறுக்குகிற பிடி. தச்சு வைஸ் என்று கேட்டு வாங்குங்கள். இரும்பு வேலைக்கான வைஸின் தாடையில் பல் இருக்கும், மரத்தைக் கடித்துவிடும். தச்சு வைஸின் தாடைக்கும் உள்பக்கம் இரண்டு மரப்பலகை ஒட்டிக்கொள்ள வேண்டும்.

பிறகு கிளாம்ப். 24 அங்குல எஃப் கிளாம்ப் நான்கு, 4 அங்குல சி கிளாம்ப் நான்கு வாங்கித் தொடங்குங்கள். போதாது, எத்தனை வாங்கினாலும் போதாது. கோணல்மாணலான துண்டுகளுக்குக் கிழிந்த சைக்கிள் டியூபை நீளவாக்கில் வெட்டி இழுத்துச் சுற்றுங்கள். எந்தக் கிளாம்பாலும் அப்படி அணைத்துப் பிடிக்க முடியாது. பெரிய பலகைகளை ஒட்டும்போது இரண்டு பக்கமும் கட்டையை அறைந்து, நடுவில் ஆப்பு ஜோடி ஒன்றை எதிரெதிராகத் தட்டினால் பார் கிளாம்ப் செய்கிற வேலையை அது செய்யும். ஆப்பசைத்த குரங்கின் கதை தெரியுமல்லவா? பசை காயும் முன் ஆப்பைத் தொடாதீர்கள். வெள்ளைப் பசை என்றால் ஒரு மணி நேரம் கிளாம்பில் இருக்கட்டும். மறுநாள் வரை பாரம் ஏற்ற வேண்டாம்.

இவ்வளவுக்கும் பிறகு பணம் மிஞ்சினால் டிரில். வேகத்தைக் கூட்டிக் குறைக்கிற, பின்பக்கமும் சுற்றுகிற வகையாக இருக்கட்டும். கூடவே வருகிற பிட்டுகளில் பாதி சுவர் துளைக்கிறவை. மரத்துக்கு, நடுவில் ஊசி முனை உள்ள பிட்டைத் தனியாகக் கேளுங்கள். துளையிடும் பலகைக்கு அடியில் ஒரு கழிவுப் பலகையை வைத்துக் கிளாம்ப் போட்டால் அடிப்பக்கம் பிய்யாது. மற்ற மூன்று மிஷின்களும் ஒரு வருடம் கடையிலேயே இருக்கட்டும்.

புதிதாக வாங்கிய டேப்பின் முனைக் கொக்கி ஆடுகிறது. கடைக்காரர் மாற்றித்தர மறுக்கிறார்.
*விருதுநகர்*

கடைக்காரர் சொல்வதுதான் சரி. கொக்கித் தகட்டின் தடிமன் எவ்வளவோ அவ்வளவு அது ஆட வேண்டும். வெளிப்பக்கம் மாட்டி இழுத்தால் கொக்கி வெளியே வரும். உள்பக்கம் முட்டுக் கொடுத்தால் உள்ளே போகும். இரண்டு வகையிலும் அளவு சரியாக வருவதற்காகவே அந்த ரிவெட்டின் துளையை நீளமாக வைத்திருக்கிறார்கள். சுத்தியால் தட்டி இறுக்கிவிடாதீர்கள், அப்போதுதான் டேப் கெட்டுப்போகும். நுட்பமான அளவுக்குக் கொக்கியையே நம்பாமல் 10 சென்டிமீட்டர் கோட்டிலிருந்து அளந்து, பிறகு பத்தைக் கழிக்க வேண்டும். கழிக்க மறந்து எத்தனை பலகை வீணானது என்று என்னிடம் கேட்காதீர்கள்.

அளவு பற்றி என் மானம் போன கதை ஒன்று உண்டு. உருக்கிய வார்ப்பிரும்பு ஆறும்போது அடிக்குச் சுமார் ஒரு நூல், அதாவது அங்குலத்தில் எட்டில் ஒரு பங்கு, சுருங்கும். அதனால் பேட்டர்னை அந்த அளவுக்குப் பெரிதாகச் செய்ய வேண்டும். ஒவ்வொரு தடவையும் கணக்குப் போடாமல் இருப்பதற்காக எங்களுக்குத் தனி ஸ்கேல் உண்டு. அதில் 12 அங்குலம் என்று போட்டிருப்பது உண்மையில் 12 அங்குலமும் ஒரு நூலும். ஒரு ஞாயிற்றுக்கிழமை அந்த ஸ்கேலை வீட்டுக்குக் கொண்டுவந்து ஆறடிக் கதவு ஒன்று செய்தேன். நிலையைச் சாதாரண டேப்பில் அளந்திருந்தேன். கதவு ஆறு நூல், அதாவது முக்கால் அங்குலம் நீளம். மாமனார் பார்த்துக்கொண்டிருந்தார்.

மூலைமட்டம் வாங்கும்போதும் கடையிலேயே சோதியுங்கள். நேரான பலகை ஓரத்தில் வைத்து ஒரு கோடு, மட்டத்தைப் புரட்டி அதே இடத்தில் இன்னொரு கோடு. இரண்டும் ஒன்றின்மேல் ஒன்றாக விழுந்தால் வாங்கலாம்.

தாத்தாவின் தச்சுப்பெட்டி எனக்கு வந்திருக்கிறது. ஆறு உளிகள், இரண்டு மர இழைப்புளிகள், ஒரு கொட்டாப்புளி. எல்லாம் துரு. தூக்கிப் போடச் சொல்கிறார்கள். மனம் வரவில்லை.
*நாகர்கோவிலிலிருந்து ஒரு வாசகி*

தூக்கிப் போடச் சொன்னவர்களிடம் பெட்டியை இரண்டு நாள்கூடக் கொடுத்துவைக்காதீர்கள் அம்மா. பழைய உளியில் பெரும்பாலும் நல்ல எஃகு இருக்கும். விரல் நகத்தில் மாட்டுகிற அளவு ஆழமான பள்ளம் உளியின் தட்டையான பின்பக்கத்தில், நுனிக்குப் பக்கத்தில் இருந்தால் மட்டும்தான் கவலை. வேறெங்கு இருந்தாலும் அது தாத்தாவின் மச்சம் என்று விட்டுவிடலாம்.

லேசான துருவுக்கு இரும்புக் கம்பளியும் தையல் மெஷின் எண்ணெயும் போதும். தடித்த துரு என்றால் இரும்புப் பகுதி மட்டும் மூழ்கும்படி வினிகரில் ஒரு இரவு வையுங்கள். கைப்பிடி நனையக் கூடாது. காலையில் தேய்த்து, சமையல் சோடா கரைத்த தண்ணீரில் கழுவி, அப்போதே துடைத்து எண்ணெய் பூசிவிட வேண்டும். பல் தேய்த்துவிட்டு வருகிறேன் என்று போனால் மறுபடியும் துரு பூத்திருக்கும்.

தீட்டுவதுதான் பெரிய வேலை. தெருவில் வருகிற சாணைக்காரரிடம் அரிவாள்மனையைக் கொடுங்கள், உளியைக் கொடுக்காதீர்கள். வேகமாகச் சுற்றுகிற சாணையில் நுனி நீலமாக மாறினால் அந்த இடத்தில் எஃகின் கடினம் போய்விட்டது என்று பொருள். நீலம் முழுவதும் போகும்வரை தேய்த்துத் தள்ள வேண்டியிருக்கும். கண்ணாடிக் கடையில் 10 மில்லிமீட்டர் கனத்தில் ஒரு துண்டு வாங்குங்கள். அதன்மேல் 220, 400, 1000, 2000 என்ற வரிசையில் தண்ணீர் உப்புத்தாளை ஒட்டித் தேய்த்தால் கல் வாங்கும் செலவுகூட இப்போதைக்கு இல்லை. முதலில் பின்பக்கம், நுனியிலிருந்து ஓர் அங்குலம் முகம் தெரிகிற அளவு தட்டையாக வேண்டும். இதைச் செய்யாமல் சரிவை மட்டும் தீட்டுகிறவர்கள்தான் உளியில் கூர் நிற்கவில்லை என்று புலம்புவார்கள்.

சரிவு எத்தனை பாகை என்று அளக்கக் கருவி வேண்டாம். உளியின் கனம் இரண்டு நூல் என்றால் சரிவின் நீளம் நான்கு நூல் இருக்கட்டும். கனத்தைப் போல இரு மடங்கு சரிவு என்றால் கணக்குப்படி அது 30 பாகை. தேய்க்கத் தேய்க்கப் பின்பக்கம் ஒரு பிசிறு எழும்பும். விரலை உளியின் உடலிலிருந்து நுனிக்கு வெளியே இழுத்தால் தட்டுப்படும், எதிர்ப்பக்கமாக இழுக்காதீர்கள். பிசிறு முழு அகலத்துக்கும் வந்த பிறகே அடுத்த தாளுக்குப் போக வேண்டும். கடைசியில் பழைய தோல் பெல்ட்டில் பத்துத் தடவை பின்னோக்கி இழுங்கள்.

இழைப்புளியின் அடிப்பக்கத்தையும் அதே கண்ணாடியில் சமன் செய்யலாம். இழைப்புளியின் தகடு அடியில் நீட்டாமல் உள்ளேயே இருக்கட்டும், ஆனால் ஆப்பை இறுக்கி வைத்துத்தான் தேய்க்க வேண்டும். ஆப்பின் இறுக்கத்தில் கட்டை சற்று வளையும், அந்த வளைவோடு சமன் செய்தால்தான் வேலையின்போது சமனாக இருக்கும். மரத்துக்கு ஆளிவிதை எண்ணெய் பூசுங்கள். பூசிய துணியைச் சுருட்டி மூலையில் போடாதீர்கள். அந்த எண்ணெய் காயும்போது சூடு பிறக்கும், சுருட்டிய துணி தானாகவே பற்றிக்கொள்ளும். விரித்துக் கொடியில் காயப்போட்ட பிறகு எறியுங்கள்.

ஆயுத பூஜைக்கு வைத்த ஈரச் சந்தனத்தையும் குங்குமத்தையும் மறுநாளே துடைத்துவிடுங்கள். என் இழைப்புளியின் தகட்டில் ஒரு பொட்டுத் தழும்பு இன்றும் இருக்கிறது.

பக்கத்து வீட்டில் வேலை செய்த ஆசாரி மார்பிள் கட்டரைத் தலைகீழாகப் பலகைக்கு அடியில் மாட்டி டேபிள் ரம்பமாக்கி வைத்திருந்தார். செலவு குறைவு. நானும் செய்யலாமா?
*திருப்பூர்*

கூடாது.

ஏன் என்று கேட்பீர்கள். அந்த மிஷின் நிமிடத்துக்குச் சுமார் 12,000 சுற்று சுற்றும். கையில் பிடித்துக் கல்லை அறுப்பதற்காகச் செய்தது. தலைகீழாக்கும்போது பிளேடை மூடுகிற காப்பைக் கழற்றுகிறீர்கள், சுவிட்சை டேப் சுற்றி நிரந்தரமாக அழுத்தி வைக்கிறீர்கள். அறுபட்ட மரம் மூடிக்கொண்டு பிளேடைக் கவ்வினால், பிளேடு மரத்தை உங்கள் வயிற்றைப் பார்த்து எறியும். அதைத் தள்ளிக்கொண்டிருந்த கை அப்போது எங்கே போகும் என்று யோசித்துப் பாருங்கள். நிறுத்த சுவிட்சையும் காணோம். அந்த ஆசாரி இருபது வருடமாகச் செய்கிறார் என்றால், அவருடைய விரல்களை எண்ணிவிட்டு எழுதுங்கள்.

என் இடது ஆட்காட்டி விரலில் நகம் பாதிதான் இருக்கிறது. 1987-ல் பேண்ட் ரம்பத்தில் தீப்பெட்டி அளவுத் துண்டு ஒன்றைக் கையால் பிடித்து அறுத்தேன். கிளாம்ப் மூன்றடி தள்ளிச் சுவரில் தொங்கிக்கொண்டிருந்தது. எடுக்கச் சோம்பல்.

பிளைவுட் என்றால் வாங்குகிற கடையிலேயே அளவு சொல்லி அறுத்து வாங்கிவிடுங்கள், பல கடைகளில் செய்துதருகிறார்கள். வீட்டில்தான் அறுப்பேன் என்றால் ஏழேகால் அங்குல வட்ட ரம்பம் வாங்குங்கள். தரையில் தெர்மாகோல் பலகை விரித்து அதன்மேல் பிளைவுட்டைப் போட்டு, நேரான சட்டத்தை வழிகாட்டியாகக் கிளாம்ப் செய்து, பலகைக்கு அடியில் இரண்டு நூல் மட்டும் பிளேடு நீட்டும்படி வைத்து அறுக்கலாம். கையுறை வேண்டாம், சுற்றுகிற மிஷின் அதைப் பிடித்து இழுத்துக்கொள்ளும். கழுத்துத் துண்டும் வேண்டாம்.

வேப்பமரப் பலகையில் டீப்பாய் செய்தேன். மூன்றே மாதத்தில் மேல்பலகை வளைந்துவிட்டது. ஈரம் அளக்கிற மீட்டர் வாங்க வேண்டுமா?
*தேனி*

வாங்கினால் நல்லதுதான். இல்லாவிட்டால் சமையலறைத் தராசை இரவல் வாங்குங்கள். பலகையின் முனையிலிருந்து ஓரடி உள்ளே தள்ளி ஒரு துண்டு வெட்டுங்கள். முனை சீக்கிரம் காய்ந்துவிடும், அது பொய் சொல்லும். துண்டை எடை போட்டு, ஓவனில் 100 டிகிரிக்குச் சற்று மேல் வைத்து, எடை குறைவது நிற்கும்வரை காய வையுங்கள். 120 கிராம் இருந்தது 100 கிராமில் நின்றால் ஈரம் 20 சதவீதம். வீட்டுக்குள் வைக்கிற சாமானுக்கு அது அதிகம், 12-க்குப் பக்கத்தில் வர வேண்டும்.

காய்ந்த பிறகும் மரம் குறுக்குவாட்டில் விரிந்து சுருங்கும். நீளத்தில் ஏறக்குறைய அசையாது. மேல்பலகையைச் சட்டத்தோடு பசை போட்டு ஒட்டிவிட்டீர்களா? ஒட்டியிருந்தால் அடுத்து வெடிக்கும். திருகுத் துளைகளை நீள்வட்டமாக்கி, பலகைக்கு நகர இடம் கொடுங்கள்.

சென்னையில் அடுக்குமாடிக் குடியிருப்பு. பால்கனியில்தான் வேலை. தூசிக்கு எந்த வேக்குவம் நல்லது?
*ஒரு வாசகர்*

வேக்குவத்தைவிட, தூசி எழுப்பாத கருவி நல்லது. இழைப்புளி சுருள் சுருளாகத்தான் போடும், பெருக்கி அள்ளிவிடலாம். உப்புத்தாளால் தேய்க்கிற சாண்டர்தான் மூச்சில் போகிற மாவை உண்டாக்குகிறது. மரத்தூள் புற்றுநோய் உண்டாக்கக்கூடியது என்று உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு அமைப்பு 1995-லேயே வகைப்படுத்திவிட்டது. துணியைக் கட்டிக்கொண்டால் போதாது, என்95 முகக்கவசம் போடுங்கள். கடல்காற்றில் இரும்பு ஒரே வாரத்தில் பூக்கும். கருவிகளைப் பால்கனியில் விடாமல் எண்ணெய் பூசி உள்ளே வையுங்கள்.

பன்னிரண்டு வயது மகன் மரவேலை கேட்கிறான். பொம்மைக் கருவி செட் வாங்கித் தரலாமா?
*பொள்ளாச்சி*

பொம்மைச் செட்டில் இருக்கிற ரம்பம் வெண்ணெயைக்கூட அறுக்காது. வெட்டாத கருவியை அழுத்தித்தான் பிள்ளைகள் கையைக் கிழித்துக்கொள்கிறார்கள். வளைவாக அறுக்கிற நிஜமான கோப்பிங் ரம்பம் ஒன்று, கையால் சுற்றுகிற டிரில் ஒன்று, சி கிளாம்ப் இரண்டு போதும். கிளாம்பை முதலில் கையில் கொடுங்கள். ரம்பத்துக்குப் பிளேடு ஒரு டஜனாக வாங்குங்கள். முதல் வாரத்திலேயே எட்டு உடையும், திட்டாதீர்கள்.