மருத்துவமனை பார்மசியில் தானியங்கி மருந்து எந்திரம் வைத்தால் தவறுகள் குறையுமா? ஆட்களுக்கு வேலை போய்விடுமா?

குறையும். ஆனால் முதல் சில மாதங்கள் புதுவகைத் தவறுகள் முளைக்கும். தென்னாப்பிரிக்காவின் டர்பனில் ஓர் ஆஸ்பத்திரி பார்மசியில் இதை மாட்டியபோது நான் கூடவே இருந்தேன்.

எங்களுடையது பெட்டி எடுக்கும் ரோபோ. நம்மைப் போல அகரவரிசையில் அடுக்காது. எங்கே இடம் இருக்கிறதோ அங்கே சொருகிவிட்டு, இடத்தை ஞாபகம் வைத்துக்கொள்ளும். முதலில் காலாவதியாவதை முதலில் எடுத்துத் தரும். அட்டைப்பெட்டி என்றால் அதற்குக் கொண்டாட்டம்தான். சிரப் பாட்டில், தனி ஸ்ட்ரிப், இன்சுலின் எல்லாம் பழையபடி நம் கையால்தான். அதனால் எங்களில் யாருக்கும் வேலை போகவில்லை.

சிக்கல் வருவது பெட்டியை உள்ளே ஏற்றும்போது. ஒருநாள் சர்க்கரை நோய் மாத்திரையான மெட்ஃபார்மின் 850 மில்லிகிராம் பெட்டிகளின் பார்கோடு படியவில்லை. ஏற்றியவர் திரையில் கையால் தேர்ந்தெடுத்தார், விரல் 500இல் பட்டுவிட்டது. அப்புறம் ரோபோ தன் வேலையை ஒழுங்காகத்தான் செய்தது, 500 கேட்டவர்களுக்கெல்லாம் 850ஐத் தள்ளியது. எந்திரம் எடுத்ததாயிற்றே என்று நாங்களும் கவுண்டரில் பெட்டியைப் படிப்பதை விட்டிருந்தோம். கண்டுபிடித்தது டர்பனின் சாட்ஸ்வொர்த் பகுதியிலிருந்து மாதாமாதம் மருந்து வாங்க வரும் ஓர் ஆயா. அங்கேயே பெட்டியைத் திறந்து பார்த்து, "தம்பி, இது நம்ம மாத்திரை இல்லப்பா, நம்மளுது இதவிடச் சின்னது" என்றார். அன்று மத்தியானம் முழுக்க போன் போட்டு ஒவ்வொருவராகத் திரும்பக் கூப்பிட்டோம். இப்போது கையால் பதிகிற பெட்டியை இரண்டு பேர் பார்க்கிறோம், கவுண்டரில் மறுபடி ஸ்கேன் செய்கிறோம்.

வார்டில் வைக்கும் கைரேகை அலமாரி வேறு சமாச்சாரம். யார், எப்போது, எத்தனை மார்ஃபின் எடுத்தார் என்று அதுவே குறித்துவிடும். பார்மசிஸ்ட் சரிபார்க்கும் முன்பே நர்ஸ் எடுக்கக்கூடிய அவசரப் பட்டியல் ஒன்று உண்டு. அட்ரினலின், மார்ஃபின் அளவு மீறினால் முறிக்கும் நலாக்சோன் மாதிரி கொஞ்சம் மட்டும் அதில் இருக்கட்டும். டாக்டர்கள் கேட்கிறார்களே என்று நீட்டிக்கொண்டே போனால் அது வெறும் விலைகூடிய பீரோ.

கரண்ட்டை மறக்காதீர்கள். 2023இல் இங்கே லோட் ஷெட்டிங், அதாவது முறைவைத்துக் கரண்ட் நிறுத்துவது, எட்டுக் கட்டங்களில் ஸ்டேஜ் 6 வரை போனது. ஜெனரேட்டர் பிடிக்க ஆகும் சில விநாடிகள் போதும், ரோபோ கை நடுவழியில் நின்று எல்லாவற்றையும் முதலிலிருந்து ஆரம்பிக்கும். யூபிஎஸ் கட்டாயம் வேண்டும்.

2018இல் ஜோகன்னஸ்பர்க் அலெக்சாண்ட்ராவில் வைத்த 'ஏடிஎம் பார்மசி' பற்றிக் கேள்விப்பட்டிருப்பீர்கள். நோயாளி பின் நம்பர் போட்டு, திரையில் பார்மசிஸ்டிடம் பேசி, மருந்தை வாங்கிக்கொண்டு போகலாம். மாதாமாதம் ஒரே மாத்திரை வாங்குபவர்களுக்கு அது வரப்பிரசாதம். அங்கேயும் திரைக்குப் பின்னால் ஓர் ஆள் இருக்கிறார், பாருங்கள்.

வாங்குவதாக இருந்தால், கொட்டேஷன் கேட்கும் முன் உங்கள் ஸ்டாக் பட்டியலைச் சுத்தம் செய்யுங்கள். ஒரே மருந்து மூன்று பெயரில், பேக் அளவு தப்பாக, பார்கோடு இல்லாமல் கிடக்கும். எங்களுக்கு ரோபோவை மாட்டியதைவிட அதற்குத்தான் அதிக நாள் பிடித்தது.