ஒளிபவர் ஒருவர், துரத்துபவர் பலர்: கேள்வி பதில்

ஒருவர் பலகையில் யார் கண்ணுக்கும் படாமல் நகர்வார், மற்றவர்கள் சேர்ந்து அவரைத் தேடுவார்கள். இந்த வகை ஆட்டங்களைப் பற்றி வந்த கேள்விகளில் திரும்பத் திரும்ப வந்தவற்றை ஒன்றாக்கிப் பதில் எழுதியிருக்கிறேன். பல வருடங்களாக வீட்டில் ஆடி, தோற்று, சண்டை போட்டுக் கற்றுக்கொண்டவை இவை.

கேள்வி: கண்ணாமூச்சியைப் பலகையில் ஆடுவதுதானே இது? தனியாக என்ன சுவாரசியம் இருக்கிறது?

கண்ணாமூச்சியில் ஒளிந்தவர் அசையாமல் இருப்பார். இங்கே அவர் நகர்ந்துகொண்டே இருக்க வேண்டும், ஒவ்வொரு நகர்விலும் ஏதாவது ஒரு தடயத்தை விட்டுப்போக வேண்டும். ஆடு புலி ஆட்டம் தெரியும் அல்லவா? 3 புலிக்கு ஒரு விதி, 15 ஆட்டுக்கு வேறு விதி. அதே போல இங்கேயும் இரண்டு பக்கமும் ஒரே ஆட்டத்தை ஆடுவதில்லை. ஒளிபவருக்கு இது நெஞ்சு படபடக்கும் ஆட்டம், தேடுபவர்களுக்குக் கூடிப் பேசிப் போடும் கணக்கு.

கேள்வி: முதல் ஆட்டமாக எதை வாங்கலாம்? பையனுக்கு 9 வயது, பெண்ணுக்கு 12.

ஸ்காட்லாண்ட் யார்டு. 1983ல் வந்தது, அந்த ஆண்டே ஜெர்மனியின் ஷ்பீல் டெஸ் யாரெஸ் (ஆண்டின் சிறந்த ஆட்டம்) விருதையும் வாங்கியது. எண் போட்ட நிறுத்தங்கள் உள்ள லண்டன் வரைபடத்தில் மிஸ்டர் எக்ஸ் மறைந்து ஓடுவார், மற்றவர்கள் துப்பறிவாளர்களாகத் துரத்துவார்கள். எங்கே போனார் என்பது தெரியாது, எதில் போனார் என்பது மட்டும் தெரியும்: டாக்சி, பஸ், பாதாள ரயில். 3, 8, 13, 18ஆம் நகர்வுகளில் அவர் முகத்தைக் காட்டியாக வேண்டும். துப்பறிவாளர்கள் செலவழிக்கும் டிக்கெட் மிஸ்டர் எக்ஸ் கைக்குப் போய்விடும். அதனால் அவருக்குப் பயணத்துக்குக் குறைவே வராது, இவர்களுக்குத்தான் கடைசியில் டிக்கெட் தீர்ந்து கால் கட்டிக்கொள்ளும்.

பெட்டிக்குள் ஒரு தொப்பி இருக்கும். அலங்காரம் என்று தூக்கிப் போட்டுவிடாதீர்கள். குழந்தைகள் தாங்கள் நிற்கும் இடத்தையே வெறித்துப் பார்ப்பார்கள், தொப்பியின் முன்விளிம்பு அதை மறைக்கும்.

கேள்வி: நாங்கள் தேடும்போது ஒருமுறைகூடப் பிடித்ததில்லை அண்ணா. ஏதாவது வழி சொல்லுங்கள்.

அவர் கடைசியாக முகம் காட்டிய இடத்தை நோக்கி எல்லோரும் ஓடுகிறீர்கள் என்று நினைக்கிறேன். அந்த இடம் அடுத்த நொடியே பழைய செய்தி. அவர் இப்போது எங்கெல்லாம் இருக்கக்கூடும் என்று பாருங்கள். வெளிப்பட்ட இடத்திலிருந்து டாக்சியில் போனால் எந்தெந்த எண்கள்? அங்கிருந்து பஸ் என்றால், பஸ் நிறுத்தம் இல்லாத எண்களெல்லாம் கழிந்துவிடும். மிச்சம் உள்ள எண்களின் மேல் புளியங்கொட்டையோ பொத்தானோ வையுங்கள். பாதாள ரயில் டிக்கெட் விழுந்தால் கொண்டாடுங்கள், அந்த நிலையங்கள் குறைவு, பட்டியல் சட்டென்று சுருங்கிவிடும்.

ஆளைப் பிடிக்க ஓடுவதைவிட வழியை அடைப்பது மேல். அவர் வெளிப்படும் நகர்வுக்கு முன்பே ஆளுக்கொரு ரயில் நிலையத்துக்குப் பக்கத்தில் நின்றுகொள்ளுங்கள்.

ஒளிபவருக்கும் ஒன்று சொல்லிவிடுகிறேன், பாவம். எதில் போனோம் என்பதை மறைக்கும் கறுப்பு டிக்கெட்டை, டாக்சி மட்டுமே ஓடும் இடத்தில் போடாதீர்கள். அங்கே மறைக்க என்ன இருக்கிறது? வெளிப்பட்ட உடனே, பல வண்டிகள் கூடும் நிலையத்திலிருந்து கிளம்பும்போது போட்டால்தான் அதற்கு மதிப்பு.

கேள்வி: ஆட்டம் முடிந்து பார்த்தால் என் மகன் தப்பான வழியில் போயிருக்கிறான். ஒன்றரை மணி நேரம் வீண். ஏமாற்றினானா, தெரியாமல் செய்தானா என்று வீட்டில் பெரிய ரகளை.

தெரியாமல்தான் செய்திருப்பான். எங்கள் வீட்டில் இதே தவற்றைச் செய்தவன் நான், இன்றைக்கும் சொல்லிக் காட்டுகிறார்கள். இந்த வகை ஆட்டத்தின் உயிர், ஒளிபவர் தான் போகும் இடத்தின் எண்ணை ரகசியமாக எழுதும் அந்தச் சின்னத் தாளில் இருக்கிறது. அதில் ஒரு எண் பிசகினால் எதிரே இருப்பவர்கள் போட்ட கணக்கெல்லாம் குப்பை.

நான் செய்வது இதுதான்: எண்ணை முதலில் எழுது, வரைபடத்தில் போகும் வழிக்கோட்டை விரலால் தொடாமல் கண்ணாலேயே ஒருமுறை சரிபார், அப்புறம் டிக்கெட்டை வை. சிறியவர் ஒளிந்தால் பெரியவர் ஒருவர் அவர் கட்சியில் சேர்ந்து தாளை மட்டும் பார்த்துக்கொள்ளட்டும், யோசனை சொல்ல வேண்டாம். முடிந்ததும் தாளைத் திறந்து ஒவ்வொரு நகர்வாக உரக்கப் படியுங்கள். “அப்போ என் பக்கத்திலேயே இருந்தியா!” என்று யாராவது தலையில் கை வைப்பார்கள். அதற்காகவே ஆடலாம்.

கேள்வி: என் மாமனார் எல்லோருடைய காயையும் தானே நகர்த்துகிறார். எப்படிச் சொல்வது?

சொல்லாதீர்கள், அடுத்த ஆட்டத்தில் அவரையே ஒளிய வையுங்கள். அவ்வளவு யோசனையையும் தனியாகச் செலவழிக்கட்டும்.

கேள்வி: விலை கொடுத்து வாங்கும் முன் வீட்டிலேயே ஆடிப் பார்க்க முடியுமா?

சதுரங்கப் பலகை போதும். ஒளிபவர் தன் கட்டத்தை ரகசியமாகத் தாளில் எழுதி, முறைக்கு ஒரு கட்டம் நேராக நகர்வார், மூலைவாட்டில் கூடாது, நிற்கவும் கூடாது. 4ஆவது நகர்வுதோறும் வெளிப்படுவார். தேடுபவர் மூன்று பேர். ஒவ்வொருவரும் தன் முறையில் ஒரு கட்டம் நகரலாம், அல்லது நின்ற இடத்திலிருந்தே பக்கத்துக் கட்டம் ஒன்றைக் காட்டி “இங்கே வந்தாயா?” என்று கேட்கலாம். பதில் உண்மையாக இருக்க வேண்டும். 16 நகர்வு தப்பித்தால் ஒளிந்தவர் ஜெயித்தார்.

ஒரு ரகசியம் உண்டு, குழந்தைகளே கண்டுபிடிக்கட்டும். நேராக ஒரு கட்டம் நகர்ந்தால் நிறம் மாறியே தீரும். கறுப்பில் வெளிப்பட்டவர் அடுத்து வெள்ளையில்தான் இருப்பார், அதற்கடுத்து மறுபடி கறுப்பில். வெளிப்பட்ட பின் ஒரு நகர்வில் அதிகபட்சம் 4 கட்டங்கள், இரண்டில் 9, மூன்றில் 16. பலகையில் 64 இருந்தாலும் தேட வேண்டியவை அவ்வளவுதான். இதை அவர்கள் பிடித்துவிட்ட பிறகு, ஒளிபவர் ஆட்டத்தில் ஒரே ஒருமுறை நகராமல் நிற்கலாம் என்ற விதியைச் சேருங்கள். நிறக் கணக்கு கவிழ்ந்துவிடும்.

கேள்வி: நாங்கள் இரண்டே பேர்.

ஃபியூஜிட்டிவ் என்ற சீட்டாட்டம். தப்பி ஓடுபவர் 0வில் தொடங்கி 42ஐ எட்ட வேண்டும், பதுங்கிடமாக வைக்கும் ஒரு எண்ணிலிருந்து அடுத்தது சாதாரணமாக 3க்கு மேல் தள்ளி இருக்காது. துரத்துபவர் எண்களை ஊகிப்பார். சின்னப் பெட்டி, சீக்கிரம் முடியும்.

கேள்வி: எட்டுப் பேர் கூடுகிறோம், ஒருவர் மட்டும் ஒளிந்தால் மற்றவர்கள் கொட்டாவி விடுகிறார்கள்.

கேப்டன் சோனார் பாருங்கள். நாலு நாலு பேராக இரண்டு நீர்மூழ்கிக் கப்பல், இரண்டுமே ஒளியும், இரண்டுமே தேடும். ஆளுக்கொரு வேலை. எதிரணித் தலைவர் கத்தும் திசைகளை ஒருவர் கண்ணாடித் தாளில் கோடாக வரைவார், பிறகு அதை வரைபடத்தின் மேல் நகர்த்தி, தீவில் மோதாமல் எங்கே பொருந்துகிறது என்று பார்ப்பார். முறை வைக்காமல் எல்லோரும் ஒரே நேரத்தில் ஆடுவதால் வீடே அதிரும். முதல் தடவை முறை வைத்து ஆடுங்கள், அதற்கும் விதி இருக்கிறது.

கேள்வி: லெட்டர்ஸ் ஃப்ரம் வைட்சாப்பல் நன்றாக இருக்கும் என்கிறார்களே?

ஆட்டம் அருமை. ஆனால் கதை பெண்களைக் கொன்ற ஜாக் த ரிப்பரைப் பற்றியது. பிள்ளைகளோடு வேண்டாம். டிராகுலாவைத் துரத்தும் ஃபியூரி ஆஃப் டிராகுலாவும் பெரியவர்களுக்கே, இரண்டு மூன்று மணி நேரம் இழுக்கும்.

கேள்வி: 6 வயதுக் குட்டி தானும் வருவேன் என்று அழுகிறாள். ஒளிய விட்டால் பிடிபட்டதும் அழுகிறாள்.

எல்லோரும் தன் ஒருத்தியை எதிர்த்து நிற்பது அந்த வயதுக்குக் கனம். இன்னும் ஒரு வருடம் ஒளிய விடாதீர்கள், புளியங்கொட்டை வைக்கும் பொறுப்பைக் கொடுங்கள். அவளுக்கென்றே வேண்டுமானால் மேஜிக் லேபிரிந்த் வாங்கலாம், 2009ல் குழந்தைகளுக்கான ஜெர்மன் விருது பெற்றது. அதில் ஆள் ஒளிவதில்லை, சுவர் ஒளிந்திருக்கும். காய்க்கு அடியில் காந்தத்தில் ஒரு குண்டு ஒட்டியிருக்கும், தெரியாமல் சுவரில் இடித்தால் டக்கென்று விழுந்து உருளும். பெரியவர்களும் அதே வேகத்தில் முட்டிக்கொள்வார்கள், அவள் சிரிப்பாள்.