கறிவேப்பிலையில் புழு இருந்தால் மருந்து அடிக்காதீர்கள்

தேனீக்களையும் வண்ணத்துப்பூச்சிகளையும் தோட்டத்துக்கு வரவைப்பது பற்றி மதுரைப் பக்கத்து நண்பர்கள் கேட்டவற்றுக்கு, கோ.புதூரில் மாடித்தோட்டம் வைத்திருக்கும் அனுபவத்தில் பதில் சொல்கிறேன்.

அக்கா, கறிவேப்பிலையை ஒரு பச்சைப் புழு மொட்டையடிக்கிறது. எனக்கு வண்ணத்துப்பூச்சியும் வேண்டும், இலையும் வேண்டும். என்ன மருந்து அடிக்கலாம்? (திருமங்கலம்)

மருந்தே வேண்டாம் தம்பி. அந்தப் புழுதான் நீங்கள் கேட்கிற வண்ணத்துப்பூச்சி. பெரும்பாலும் அது எலுமிச்சை வண்ணத்துப்பூச்சியாக இருக்கும். கறுப்புச் சிறகில் வெளிர்மஞ்சள் திட்டுகள், பின்சிறகில் ஒரு சிவப்புப் பொட்டு. குட்டியாக இருக்கும்போது இலைமேல் காக்கை எச்சம் விழுந்த மாதிரியே கிடக்கும். வளர்ந்தபின் பச்சையாகிவிடும். விரலால் லேசாகத் தொட்டுப் பாருங்கள், தலைக்குப் பின்னாலிருந்து ஆரஞ்சு நிறத்தில் இரட்டைக் கொம்பை நீட்டும், ஒரு வாடையும் வரும். கடிக்காது.

எங்கள் வீட்டில் கறிவேப்பிலை இரண்டு தொட்டி. ஒன்று குழம்புக்கு, ஒன்று புழுவுக்கு. குழம்புத் தொட்டியில் புழுவைக் கண்டால் இலையோடு கிள்ளி அடுத்ததில் வைத்துவிடுவேன். மொட்டையான செடி மறுபடி துளிர்த்துக்கொள்ளும்.

பூவுக்கு வண்ணத்துப்பூச்சி தேன் குடிக்க வரும், அவ்வளவுதான். முட்டையிட ஒவ்வொன்றுக்கும் அதனதன் இலை வேண்டும். வெந்தய வரியன் என்ற வண்ணத்துப்பூச்சிக்கு எருக்கு. மஞ்சளும் வெளிர்பச்சையுமாகப் பறப்பவற்றுக்குக் கொன்றை, ஆவாரை. வேலியோரத்து எருக்கை வெட்டிவிட்டுக் கடையில் பூச்செடி வாங்குவதைப் பார்த்தால் எனக்கு மனசு கேட்காது.

மாடியில் ரோஜாவும் செம்பருத்தியும் நிறைய இருந்தும் தேனீ எட்டிப் பார்ப்பதில்லையே? (வில்லாபுரம்)

அடுக்கு ரோஜாவில் தேனீக்கு எடுக்க ஒன்றும் பெரிதாக இருக்காது. சிவப்பு நிறமும் அதன் கண்ணுக்குச் சரியாகத் தெரியாது. துளசிக் கதிரைக் கிள்ளாமல் விடுங்கள், கொத்தமல்லியில் கொஞ்சத்தைப் பூக்க விடுங்கள். அப்புறம் சித்திரை வெயிலில் ஒரு மண்தட்டில் கூழாங்கல் போட்டுத் தண்ணீர் வையுங்கள். கல் இல்லாவிட்டால் தேனீ விழுந்து செத்துப்போகும்.

பூசணிப் பிஞ்சு மஞ்சளாகி உதிர்கிறது. உரம் போதவில்லையா? (மேலூர்)

பெரும்பாலும் மகரந்தம் சேராததுதான் காரணம். பூசணிப்பூ விடியலில் விரிந்து உச்சிக்குள் வாடிவிடும். அதற்குள் தேனீ வந்தாக வேண்டும். வரும்வரை நீங்களே செய்யுங்கள்: காலை எட்டு மணிக்குள் ஆண்பூவைப் பறித்து இதழை உரித்து, அடியில் பிஞ்சு உள்ள பெண்பூவின் நடுவில் தடவுங்கள். வேப்பெண்ணெய்க் கரைசலானாலும் காலையில் அடிக்காதீர்கள். பொழுது சாய்ந்து தேனீ கூடு திரும்பியபின் அடியுங்கள்.

எங்களுக்கு மல்லிகைத் தோட்டம்தான். அதற்குத் தேனீ வருமா? (உசிலம்பட்டி)

மதுரை மல்லியை மொட்டாகவே பறித்துவிடுகிறோமே, தேனீக்கு ஏது? வரப்பில் எள்ளும் சூரியகாந்தியும் விதையுங்கள். மல்லிக்கு அடிக்கிற மருந்து அங்கே படாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

ஜன்னல் ஓரத் துளையில் கொசுத்தேனீ கூடு கட்டியிருக்கிறது. வீட்டு உரிமையாளர் சிமெண்ட் வைத்து அடைக்கச் சொல்கிறார். (ஆனையூர்)

தயவுசெய்து அடைக்க விடாதீர்கள். கொசுத்தேனீ கொட்டாது. சுவருக்கும் கெடுதல் இல்லை. நாளைக் காலை அவரையே கூப்பிட்டு, துளையிலிருந்து நீட்டியிருக்கும் அந்த மெழுகுக் குழாயைக் காட்டுங்கள். வாசல் விளிம்பில் சுற்றி உட்கார்ந்து காவல் காக்கிற குட்டித் தலைகளை அவர் ஒரு நிமிடம் பார்க்கட்டும்.