கேள்வி பதில்: ஒரு வாக்கு, மதிப்பு 176

கேள்வி: குடியரசுத் தலைவர் தேர்தலில் எங்கள் சட்டமன்ற உறுப்பினர் போடுவது ஒரு வாக்குதானே? அதை 176 என்று கணக்கிடுவது எப்படி?
– வாசகர் ஒருவர், உசிலம்பட்டி

பதில்: 1971 கணக்கெடுப்பின்படி தமிழகத்தின் மக்கள்தொகை 4,11,99,168. இதை 234 தொகுதிகளால் வகுத்து, வந்ததை மீண்டும் ஆயிரத்தால் வகுத்தால் 176 கிடைக்கும். மதுரை மாவட்டத்தின் 10 தொகுதிகளுக்கும் சேர்த்து 1,760. உத்தரப் பிரதேசத்தில் ஒருவரின் வாக்குக்கே 208, சிக்கிமில் வெறும் 7. குடும்பக் கட்டுப்பாட்டை ஒழுங்காகக் கடைப்பிடித்த மாநிலம் நட்டப்படக் கூடாது என்றுதான் அரை நூற்றாண்டுக்கு முந்தைய கணக்கையே வைத்திருக்கிறார்கள்; எனக்கு அது நியாயமாகவே படுகிறது.

மாநிலங்களின் மொத்த மதிப்பை, தேர்ந்தெடுக்கப்பட்ட நாடாளுமன்ற உறுப்பினர்களின் எண்ணிக்கையால் வகுத்தால் அவர்களுடைய மதிப்பு வரும். 2022இல் அது 700. நியமன உறுப்பினர்களுக்கு வாக்கில்லை.

சட்டமன்ற உறுப்பினருக்கு இளஞ்சிவப்புச் சீட்டைத் தருவார்கள். அதில் முத்திரை குத்துவதில்லை. அங்கே கொடுக்கப்படும் ஊதா மைப் பேனாவால் 1, 2, 3 என்று விருப்ப வரிசையை எழுத வேண்டும், சொந்தப் பேனாவைத் தொட்டால் சீட்டு செல்லாது. செல்லுபடியான மதிப்பில் பாதிக்கு மேல் எவருக்கும் கிடைக்காவிட்டால், கடைசியில் நிற்பவரை நீக்கி, அவருடைய சீட்டுகளை அடுத்த விருப்பத்தின்படி பிரித்துக் கொடுப்பார்கள். 1969இல் வி.வி.கிரி அப்படித்தான் வென்றார்.