எலுமிச்சையா, தக்காளியா? கிரீஸில் ஒயின் கேட்கும் முறை

கேள்வி: செப்டம்பரில் நானும் கணவரும் கிரீஸ் போகிறோம். ஏதென்ஸ், நாஃப்பிலியோ, கடைசியாக சான்டோரினி. அவர் ரெட் ஒயின் மட்டும்தான் குடிப்பார். ஆட்டுக்கறி, மீன் சாப்பிடுவார். நான் சைவம், ஒயினில் அனுபவம் குறைவு. அங்கே எதைக் கேட்டு வாங்குவது? ஊருக்கு எதைக் கொண்டுவரலாம்? (கோவை வாசகி ஒருவர்)

பதில்: கறிக்கு ரெட், மீனுக்கு ஒயிட் என்ற கணக்கு கிரீஸில் பாதிதான் பலிக்கும். அங்கே சாப்பாட்டின் குணத்தை முடிவு செய்வது எலுமிச்சைச் சாறு, தக்காளி, ஃபெட்டா சீஸின் உப்பு ஆகிய மூன்றும்தான். புளிப்பு குறைந்த ஒயின் இவற்றுக்கு முன்னால் சப்பென்று ஆகிவிடும். நல்லவேளையாக, அந்த மண்ணின் திராட்சைகள் பலவற்றில் புளிப்புக்குக் குறைவில்லை. எனவே தட்டில் எலுமிச்சை தூக்கலாக இருந்தால் ஒயிட், தக்காளி தூக்கலாக இருந்தால் ரெட். எலுமிச்சையும் ஒரேகனோவும் போட்டு அடுப்பில் வெந்த ஆட்டுக்கறிக்குக்கூட நான் ஒயிட்தான் கேட்பேன். உங்கள் கணவர் கோபித்துக்கொள்ளலாம்.

சான்டோரினியிலிருந்தே தொடங்குகிறேன், அவர் பிடிவாதம் அதிகம் சிக்கலாகப்போவது அங்கேதான். அந்தத் தீவின் ராஜா அசிர்டிகோ என்ற வெள்ளைத் திராட்சை. சுமார் 3,600 ஆண்டுகளுக்கு முன் வெடித்த எரிமலையின் சாம்பலும் நுரைக்கல்லும்தான் அங்கே மண். களிமண் கிட்டத்தட்ட இல்லை என்பதால், 19ஆம் நூற்றாண்டில் ஐரோப்பாவின் தோட்டங்களை அழித்த ஃபிலாக்செரா பூச்சியால் அங்கே பிழைக்க முடியவில்லை. மற்ற ஊர்களில் பெரும்பாலும் அந்தப் பூச்சியைத் தாங்கும் அமெரிக்க வேரில் ஒட்டுப்போட்டுத்தான் திராட்சை வளர்க்கிறார்கள்; இங்கே கொடி சொந்த வேரிலேயே நிற்கிறது. காற்று பிய்த்து எறியாமல் இருக்க, கொடியைத் தரையோடு தரையாகக் கூடைபோல வளைத்துப் பின்னி, குலைகளை உள்ளே ஒளித்துவிடுகிறார்கள். மழை குறைவு; கடலிலிருந்து வரும் பனிமூட்டத்தின் ஈரம் கைகொடுக்கிறது. விளைச்சல் சொற்பம், அதோடு ஹோட்டல்களும் நிலத்துக்குப் போட்டி போடுகின்றன. பாட்டில் விலை கிடுகிடுவென ஏறியதற்கு இதுதான் காரணம்.

வாயில் வைத்தால் எலுமிச்சைத் தோல் வாசமும், கூர்மையான புளிப்பும், லேசான உப்புச் சுவையும் தெரியும். உங்களுக்கு அங்கே சாப்பாட்டுப் பஞ்சமே இருக்காது. தீவின் மஞ்சள் பருப்பை மசித்து, மேலே வெங்காயமும் கேப்பர் என்ற பூமொட்டும் ஆலிவ் எண்ணெயும் சேர்த்துத் தரும் ‘ஃபாவா’ இருக்கிறது. குட்டித் தக்காளியில் வடைபோலப் பொரித்த ‘தொமாதோகெஃப்தேதெஸ்’ இருக்கிறது. அது தக்காளிதான் என்றாலும் எண்ணெயில் பொரித்தது, அதற்கு அசிர்டிகோவின் புளிப்பே சரி. ஐஸ்போலக் குளிர வைத்துக் கொடுத்தால் பத்து நிமிடம் பொறுங்கள், வாசனை அப்புறம்தான் எழும்பும். விலை கையைக் கடித்தால் ஏதென்ஸிலேயே குடித்துவிடுங்கள். வடக்கே திராமா, ஹல்கிதிகி பகுதிகளிலும் அசிர்டிகோ விளைகிறது. அந்தத் தீவு உப்பு அவ்வளவாக இருக்காது, விலை குறைவு.

ரெட்தான் வேண்டும் என்று கணவர் அடம்பிடித்தால், சான்டோரினியில் மாவ்ரோத்ராகனோ என்று ஒரு அரிய கறுப்புத் திராட்சை உண்டு. ஒரு கிளாஸ் வாங்கி ருசி பார்க்கட்டும். முழு பாட்டிலுக்குப் பணம் கொட்ட வேண்டாம்.

அவருடைய நாட்கள் நாஃப்பிலியோவில்தான். அங்கிருந்து காரில் முக்கால் மணி நேரத்துக்குள் நெமேயா. அகியோர்கிடிகோ என்ற திராட்சையின் ஊர் அது. பெயர் வாயில் நுழையாவிட்டால் ‘நெமேயா’ என்று ஊர்ப் பெயரைச் சொன்னாலே போதும், நெமேயா என்று லேபிள் ஒட்டும் ரெட் ஒயினில் இந்த ஒரு திராட்சை மட்டும்தான் இருக்க முடியும். செர்ரிப் பழ வாசம், மெத்தென்ற துவர்ப்பு. கத்தரிக்காயும் கொத்துக்கறியும் அடுக்கிச் சுட்ட முசாக்கா, தக்காளியில் வெந்த கறி இரண்டுக்கும் பொருத்தம். கூட்சி, அஸ்ப்ரோகாம்போஸ் போன்ற மேட்டு ஊர்களின் ஒயினில் புளிப்பு சற்று அதிகம், எனக்கு அதுவே பிடிக்கும். செப்டம்பர் வெயிலில் ரெட் ஒயினை அறைச் சூட்டில் கொண்டுவந்தால், தயங்காமல் ஐஸ் வாளி கேளுங்கள்.

கிரீஸின் தலைசிறந்த ரெட் அது இல்லை என்பேன். வட கிரீஸில், நௌசாவில் விளையும் க்சினோமாவ்ரோதான் அது. நீங்கள் அங்கே போகவில்லை, ஆனால் ஏதென்ஸின் ஒயின் பார்களில் கிடைக்கும். நிறம் வெளிறியிருப்பதைப் பார்த்து ஏமாந்துவிடக் கூடாது. புளிப்பும் துவர்ப்பும் பலமாகத் தாக்கும், வாசனையில் உலர்ந்த தக்காளியும் ஆலிவும் வரும். இளசாக இருந்தால் முரடு, ஐந்தாறு வருடமாவது ஆன பாட்டிலாகக் கேளுங்கள். இது உங்களுக்கும் சேர்த்துத்தான்: தக்காளி, குடைமிளகாய்க்குள் அரிசி அடைத்த கெமிஸ்தா, தக்காளியில் வெந்த வெண்டைக்காய், பெரிய வெள்ளை பீன்ஸ் என எல்லாவற்றோடும் ஜோடி சேரும். ஃபெட்டாவோடு மட்டும் வேண்டாம், உப்பும் துவர்ப்பும் சேர்ந்தால் வாய் கசந்துவிடும். கிரேக்க சாலட்டுக்கு மாந்தினியா பகுதியின் மொஸ்கோஃபிலெரோ, ரோஜா வாசமும் ஆல்கஹால் குறைவுமான ஒயிட், நன்றாக இருக்கும். புதிதாகத் தொடங்குபவருக்கு அதுதான் எளிதான வாசல்.

ஏதென்ஸில் ரெட்சினாவைத் தவிர்க்காதீர்கள். பைன் மரப் பிசின் சேர்த்த ஒயிட் அது. மலிவானது டர்பன்டைன் நெடி அடிக்கும் என்பது உண்மைதான், நல்லது அப்படியில்லை. தெசலோனிக்கியின் கெக்ரிஸ் ஒயினரி அசிர்டிகோவிலேயே ஒரு ரெட்சினா செய்கிறது. பூண்டுச் சட்னியும் பொரித்த கத்தரிக்காயும் வந்தால் அதைத் திறங்கள்.

தவெர்னா எனும் சாதாரண உணவகங்களில் பாட்டில் இல்லாமல் சில்லறை ஒயினும் உண்டு. லிட்டர் கணக்கில் அல்ல, கிலோ கணக்கில் கேட்பார்கள்: கால் கிலோ, அரை கிலோ. கிராமத்தில் நம்பலாம். சுற்றுலாத் தெருவில் முதலில் கால் கிலோவோடு நிறுத்திக்கொள்ளுங்கள். இன்னொன்று, ஒயினைத் தெளிய வைக்கச் சிலர் முட்டை வெள்ளைக்கரு அல்லது மீன் பிசின் பயன்படுத்துவார்கள். கண்டிப்பான சைவம் என்றால் ஒயினரியில் கேட்டுவிடுங்கள்.

ஊருக்கு என்றால், என் பரிந்துரை சான்டோரினியின் வின்சாந்தோ. வெயிலில் உலர்த்திய திராட்சையில் செய்து, குறைந்தது 2 வருடம் மரப்பீப்பாயில் வைத்த இனிப்பு ஒயின். சிறிய பாட்டிலாகக் கிடைக்கும், திறந்தபின் ஃப்ரிட்ஜில் சில வாரம் தாங்கும். க்சினோமாவ்ரோவை நம் மிளகாய்க் குழம்போடு திறக்கும் ஆசை வேண்டாம், துவர்ப்பு காரத்தை இன்னும் எரிய வைக்கும். மொஸ்கோஃபிலெரோ அதற்குத் தேவலை. இந்தியாவுக்குள் ஒருவருக்கு 2 லிட்டர்வரை வரியில்லை. பாட்டில்களைத் துணி சுற்றிப் பெரிய பெட்டியில் வையுங்கள், கைப்பையில் விமானம் ஏற விட மாட்டார்கள்.