பெயர் பிந்தி வந்தால் அறளை பெயர்கிறதா?

கேள்வி: நான் ஓய்வுபெற்ற ஆசிரியை. கொக்குவில், வயது 68. நல்லூர்த் திருவிழாவில் என்னிடம் படித்த பிள்ளையொன்று வந்து கதைத்தது. வீட்டுக்கு வந்த பிறகுதான் பெயர் ஞாபகம் வந்தது. குசினிக்குள் போய், எதற்கு வந்தேன் என்று நிற்கிறேன். இரண்டு தடவை பால் பொங்கி அடுப்பு அணைந்துவிட்டது. வாட்ஸ்அப்பில் பேரன் கதைப்பதும் பிடிபடுவதில்லை, விழுங்கி விழுங்கிக் கதைக்கிறான். சீனி வருத்தத்துக்கு 12 வருடமாக மெற்போர்மின் எடுக்கிறேன், அஸ்பிரினும் உண்டு. மச்சம் சாப்பிடுவதில்லை. தும்மலுக்கு இரவில் ஒரு பிரிற்றோன் போட்டால்தான் நித்திரை. கனடாவிலிருந்து மகன் ஞாபகசக்திக்கு ஜிங்கோ குளிசை அனுப்பியிருக்கிறான். அம்மாவுக்குக் கடைசிக் காலத்தில் மறதி முற்றி அறளை பெயர்ந்தது. எனக்கும் அதுதானா?

பதில்: ரீச்சர், அந்தப் பிள்ளையின் பெயர் பிந்தியென்றாலும் வந்துவிட்டது. அதாவது பெயர் உள்ளே பத்திரமாக இருக்கிறது, எடுத்துத் தரத்தான் மூளைக்கு நேரம் பிடிக்கிறது. வயது போகப் போக எல்லோருக்கும் இது உண்டு. தெரிந்த ஒழுங்கையில் வழி தவறுவது, கேட்ட கேள்வியையே பத்து நிமிடத்தில் திரும்பக் கேட்பது, காசுக் கணக்குப் பிடிபடாமல் போவது, வீட்டுக்காரர் கவலைப்பட நமக்கு ஒன்றும் தெரியாமல் இருப்பது என்றால்தான் நான் யோசிப்பேன். உங்கள் கடிதத்தில் அப்படி எதுவும் இல்லை. அம்மாவுக்கு இருந்ததால் உங்களுக்கு வாய்ப்புக் கொஞ்சம் கூடும், உண்மைதான். ஆனால் வந்தே தீரும் என்று இல்லை.

பால் பொங்கியது வேறு விஷயம். அடுப்பில் வைக்கும்போதே மனம் வேறெங்கோ போயிருக்கும். மூளையில் பதியாத ஒன்று எப்படி ஞாபகம் வரும்? குறைந்தது கவனம். அதைக் குறைக்கக்கூடிய மூன்று காரணங்களை நீங்களே எழுதியிருக்கிறீர்கள்.

முதலாவது, காது. பேரன் விழுங்கிக் கதைக்கவில்லை ரீச்சர், உங்கள் காதுக்குச் சில ஒலிகள் எட்டவில்லை என்றுதான் நினைக்கிறேன். வயது போனால் ச, த, ப போன்ற மெல்லிய ஒலிகள் முதலில் மங்கும். ஆட்கள் கதைப்பது கேட்கும், ஆனால் விளங்காது. விட்டுப்போன எழுத்தை ஊகித்து நிரப்பவே மூளையின் பலம் செலவானால், சொன்னதை மனதில் வைக்க மிச்சம் இருக்காது. பிறகு ஆட்களோடு கதைப்பதும் குறைந்துவிடும். மறதி நோய் பற்றி லான்செட் மருத்துவ இதழின் ஆணைக்குழு 2024இல் பட்டியலிட்ட, நம்மால் மாற்றக்கூடிய 14 காரணிகளில் கேட்கும் திறன் குறைவதும் ஒன்று. கண்ணாடி போடக் கூச்சப்படாத நாங்கள் காதுக் கருவிக்கு மட்டும் ஏன் கூச்சப்படுகிறோம் என்று எனக்கு விளங்குவதே இல்லை. யாழ். போதனா வைத்தியசாலையின் காது, மூக்கு, தொண்டை கிளினிக்கில் காட்டுங்கள். சில வேளை காதுக்குடும்பி அடைத்திருப்பது மட்டுமே காரணமாக இருக்கும்.

இரண்டாவது, பிரிற்றோன். சின்னக் குளிசை, கடையில் லேசாகக் கிடைப்பது, அதனால் யாரும் அதை மருந்தாகவே எண்ணுவதில்லை. ஞாபகத்துக்கு மூளை பயன்படுத்தும் அசற்றைல்கோலின் என்ற பொருளின் வேலையை அது தடுக்கும். வயதானவர்களுக்கு அடுத்த நாளும் மந்தமாக இருக்கும். தும்மலுக்கு இப்படி மந்தம் தராத வேறு மருந்துகள் உண்டு, மாற்றித் தரச் சொல்லிக் கேளுங்கள்.

மூன்றாவது, விற்றமின் பி 12. மெற்போர்மின் நெடுங்காலம் எடுத்தால் இது உடலில் சேர்வது குறையும். மச்சம் சாப்பிடாதவர்களுக்குப் பாலும் தயிரும் தருவதுதான் வரவு. உங்களுக்கு இரண்டும் சேர்ந்திருக்கிறது. குறைந்தால் மறதி, சோர்வு, கால் விறைப்பு எல்லாம் வரும். இரத்தம் சோதித்தால் தெரியும், குறைவென்றால் ஊசியாலோ குளிசையாலோ ஈடுசெய்யலாம். அதோடு தைரொயிட்டையும் பார்க்கச் சொல்லுங்கள். அதற்காக மெற்போர்மினை நீங்களாக நிறுத்திவிடாதீர்கள்.

ஜிங்கோ வேண்டாம். அமெரிக்காவில் 3000க்கு மேற்பட்ட முதியவர்களை ஆண்டுக்கணக்காகக் கவனித்து 2008இல் வெளியிட்ட ஆய்வில், அது மறதி நோயைத் தடுக்கவில்லை. அஸ்பிரினோடு சேர்ந்தால் இரத்தக் கசிவுக்கும் இடம் உண்டு. மகனிடம் பக்குவமாகச் சொல்லுங்கள், அன்பில் அனுப்பியிருக்கிறார். வல்லாரைச் சம்பலை விரும்பினால் சாப்பிடுங்கள், நல்ல கீரை. மருந்தென்று நம்பி மற்றதை விட்டுவிட வேண்டாம்.

நடை அப்படியல்ல. 2011இல் வெளிவந்த ஓர் ஆய்வில், வாரம் மூன்று நாள் 40 நிமிடம் நடந்த முதியவர்களுக்கு, ஞாபகத்தைப் பதியவைக்கும் மூளைப் பகுதி ஒரு வருடத்தில் ஏறக்குறைய 2 சதவீதம் பருத்தது. நடக்காமல் தசைநீட்டும் பயிற்சி மட்டும் செய்தவர்களுக்கு அது சுருங்கியது. வெயிலுக்கு முன் நல்லூர் வீதியிலோ பண்ணைக் கரையிலோ நடக்கலாம். தனியே போகாமல் பக்கத்து வீட்டு அம்மாவையும் கூட்டிப் போனால் கதையும் சேரும். மூளைக்கு வேலை கொடுக்க, பாடமான தேவாரத்தையே திரும்பப் பாடாமல் தெரியாத பதிகம் ஒன்றை மனனம் செய்யுங்கள். 304 கடதாசி விளையாட்டுக்கு ஆள் கிடைத்தால் இன்னும் நல்லது. விழுந்த கடதாசிகளை மனதில் வைத்திருக்க வேண்டுமல்லவா?

அடுப்பில் பால் இருக்கும்போது தொலைபேசியை எடுக்காதீர்கள். அடுத்த கிளினிக்குக்குப் போகும்போது கொப்பியோடு, வீட்டிலிருக்கும் எல்லாக் குளிசைகளையும், கனடாப் போத்தலையும் சேர்த்து, ஒரே பையில் கொண்டுபோய் டொக்டர் முன் வையுங்கள். கூட இருக்கும் ஒருவரையும் கூட்டிச் செல்லுங்கள், அவர் கண்டதையும் டொக்டர் கேட்க வேண்டும்.